பரிசு தந்து வாடிக்கை தேடிய வரலாறு

பொங்கலோ தீபாவளியோ நெருங்கும் நாள்களில் எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும், ஏதேனும் ஒரு கடையின் முகப்பில் வண்ணத்தாள் ஒட்டிய பெட்டி ஒன்று அமர்ந்திருப்பதைக் காணலாம். இன்ன தொகைக்குச் சரக்கு வாங்குவோர்க்கு ஒரு சீட்டு. அதில் பெயரும் முகவரியும் எழுதிப் பெட்டியில் இட்டுவிட வேண்டும். பண்டிகை கழிந்ததும் குலுக்கல். முன்னாளில் தையற்பொறியும் மிதிவண்டியும் முதற் பரிசாக இருந்தன. இந்நாளில் குளிர்பதனப் பெட்டியும் ஸ்கூட்டரும் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. பெட்டி மட்டும் மாறவில்லை.

இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. கல்கத்தாவில் கூந்தல் தைலம் விற்ற ஒருவரையும், சென்னையில் விளம்பரம் சேர்த்துப் பிழைத்த தமிழிளைஞர் ஒருவரையும், கூடாரம் அடித்துத் தேயிலை விற்ற ஆங்கிலேய வியாபாரி ஒருவரையும், இறுதியில் தில்லி உச்ச நீதிமன்றத்தையும் தொட்டுச் செல்லும் வரலாறு அது. கல்வெட்டும் செப்பேடுமே வரலாறு என்று கருதும் அன்பர்கள், கடைக்கணக்கிலும் சிறிது வரலாறு தேடுவதைப் பொறுத்தருள்வார்களாக.

நம் புரோத்ராபூரில் இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று. போர்ட் பிளேர் என வழங்கி 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற தலைநகரை அடுத்து வாழும் நாம், அரிசி முதல் ஆணி வரை பெரும்பாலான பொருள்களைக் கப்பலேறி வரும் சரக்காகவே பெறுகிறோம். கடலைக் கடந்து வர வேண்டிய சரக்கில் முதலை முடக்கிவிட்டு, அதை விற்று முடித்தால்தான் அடுத்த சரக்கு என்று இருக்கும் சிறு கடைக்காரர்க்கு, வாடிக்கையாளர் ஒருவர் அடுத்த கடைக்குத் திரும்பிவிடுவது சிறிய செய்தியாகாது. அவர் பரிசுப் பெட்டி வைக்க நினைப்பது இயல்பே. அந்தப் பெட்டியில் சீட்டுப் போடும் இல்லத்தரசியும் நம்மவரே. ஆகவே இருவருக்கும் பொதுவான ஒரு வினாவை முதலில் எழுப்பிக்கொள்வோம். பரிசு கூட்டம் சேர்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பரிசுப் பணம் எவர் பையிலிருந்து வருகிறது? கடைக்காரர் தம் ஆதாயத்தில் ஒரு பகுதியை எடுத்து வைக்கிறாரா, அல்லது போட்டியிடுவோர் கட்டிய காசையே திரட்டி, அதில் ஒரு பகுதியை ஒருவர்க்கு அளித்து, எஞ்சியதை வைத்துக்கொள்கிறாரா? வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னது வாணிகம், பின்னது வாணிகத்தின் மேலாடை போர்த்திய சூது. நூறாண்டுகளுக்கு மேலாக வாணிகரும் நீதிபதிகளும் மல்லாடியது இந்த வேறுபாட்டோடுதான்.

இவ்வழக்கம் பெரிய அளவில் தழைத்தது இங்கிலாந்தில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில். எழுதப் படிக்கத் தெரிந்த பொதுமக்கள் பெருகினர். மலிவு விலை வார இதழ்கள் பெருகின. ஒன்றையொன்று முந்தப் பரிசுகள் தோன்றின. ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் நடத்திய ‘டிட் பிட்ஸ்’ என்னும் இதழ் 1883-இல் ஒரு வீட்டையே பரிசாக வைத்தது. அடுத்த ஆண்டு அவ்விதழ் தன் அலுவலகத்தில் ஒரு வேலையையே பரிசாக அறிவிக்க, அதை வென்று உள்ளே நுழைந்த இளைஞர் சிரில் ஆர்தர் பியர்சன். போட்டியின் ஆற்றலைத் தம் வாழ்விலேயே கண்டுகொண்ட அவர், 1890-இல் தம் பெயராலேயே ஒரு வார இதழ் தொடங்கினார். இதற்கிடையே 1889-இல் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த் என்பார், இங்கிலாந்து வங்கியில் குறிப்பிட்ட ஒரு நாளில் பொன்னிருப்பு எவ்வளவு என்று சரியாக ஊகிப்பவர்க்கு வாழ்நாள் முழுவதும் வாரம் ஒரு பவுன் என்று அறிவித்தார். விடை எழுதும் அஞ்சலட்டையில் சாட்சிகளாக ஐவர் பெயரும் இருக்க வேண்டும் என்றொரு நிபந்தனை. எவ்வளவு நுட்பமான சூழ்ச்சி! ஒருவர் போட்டியிட்டால் மேலும் ஐவர் இதழின் பெயரைக் கேட்டாக வேண்டும். வந்து குவிந்தவை 7 இலட்சத்துக்கு மேற்பட்ட அட்டைகள்.

பியர்சன் வேறு வழியில் சென்றார். ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லை விட்டுவிட்டு அச்சிடுவார். விடுபட்ட சொல் எது என்று எழுதி, ஒரு ஷில்லிங் கட்டணத்தோடு அனுப்ப வேண்டும். வந்த ஷில்லிங்குகள் அனைத்தையும் சரியாக எழுதியோர் பங்கிட்டுக்கொள்வர். 1892-இன் இறுதியில் ஒரே போட்டிக்கு 23,000 பவுனுக்கு மேல் திரண்டுவிட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. அந்த இடத்தில் பொருந்தக்கூடிய சொற்கள் பல இருக்க, ஆசிரியர் அவற்றுள் ஒன்றை முன்னரே எழுதி முத்திரையிட்டு வைத்திருக்கிறார். அதை எட்டுவது அறிவால் ஆவதன்று, குருட்டடியால் ஆவது. ஆதலால் இது லாட்டரியே என்று 1893-இல் தீர்ப்பாயிற்று.

அதற்குப் பத்தாண்டு முன்னரே, 1883-இல், இன்னும் எளியதொரு வழக்கு நடந்திருந்தது. நம் கடைக்காரர்கள் மனத்தில் வைக்க வேண்டியது இதைத்தான். ஒருவர் கூடாரம் அடித்துத் தேயிலைப் பொட்டலங்கள் விற்றார். ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் ஒரு கூப்பன். அதில் ஏதேனும் ஒரு பரிசு. என்ன பரிசு என்பது பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். தேயிலை நல்ல தேயிலை. கொடுத்த விலைக்குத் தகும் என்பதை நீதிமன்றமே ஒப்புக்கொண்டது. அப்படியிருந்தும், வாங்குவோர் கொடுத்த காசு தேயிலைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் சேர்த்தே கொடுத்த காசு என்று கூறி, அதனை லாட்டரி என முடிவு செய்தது. ‘சரக்குக்குத்தானே காசு வாங்குகிறேன், சீட்டு இலவசந்தானே’ என்னும் வாதம் அன்றே தோற்ற வாதம்.

இனி நம் கடலின் வடமுனைக்கு வருவோம். இத்தீவுகளிலிருந்து சென்னைக்கு நிகராகவே கல்கத்தாவுக்கும் கப்பல் உண்டு. அந்நகரத்து வாணிகர் ஒருவர் செய்த செயலே இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் உவப்பானது. அவர் பெயர் ஹேமேந்திரமோகன் போஸ். 1864-இல் பிறந்து 1916-இல் மறைந்தவர். எச். போஸ் என்றே நகரம் அவரை அறிந்திருந்தது. நறுமணப் பொருள் செய்து விற்பது அவர் தொழில். கூந்தலுக்குக் ‘குந்தலீன்’ தைலம், கைக்குட்டைக்குத் ‘தேல்கோஷ்’ வாசனைத் திரவியம், வெற்றிலைக்குத் ‘தாம்பூலீன்’ என்று வீட்டுக்கு வீடு புழங்கும் பொருள்கள். பின்னாளில் மிதிவண்டியும் இசைத்தட்டும்கூட விற்றார். கவி ரவீந்திரரின் குரலைப் பதிவு செய்தவர்களுள் அவரும் ஒருவர். எனினும் தொடக்கத்தில் அவரும், வெளிநாட்டுச் சரக்கு நிறைந்த சந்தையில் உள்நாட்டுத் தைலத்தை விற்கத் தவித்த ஒரு வியாபாரியே.

1896-இல் அவர் ‘குந்தலீன் பரிசு’ என்று ஒரு போட்டியை அறிவித்தார். குலுக்கல் அன்று, சிறுகதைப் போட்டி. வங்காளியில் நல்ல கதை எழுதி அனுப்புவோர்க்குப் பரிசு. ஒரே நிபந்தனை: கதையில் எங்கேனும் குந்தலீனும் தேல்கோஷும் இடம்பெற வேண்டும், ஆனால் கதையின் அழகு கெடாமலும், விளம்பரம் என்று தோன்றாமலும் வர வேண்டும். தம் பொருளின் புகழை நேராகப் பாடிவிடாதீர் என்று எழுத்தாளரை வேண்டிக்கொண்ட வணிகர் உலகில் எத்தனை பேர் இருப்பர்! பரிசு பெற்ற கதைகள் அவருடைய குந்தலீன் அச்சகத்திலேயே புத்தகமாக அச்சாகி வெளிவந்தன. கதை படிக்கும் ஆசையில் அப்புத்தகம் வீட்டுக்குள் நுழையும். அதன் பின்னால் தைலமும் நுழையும். படித்த பெண்மக்கள் பெருகிவந்த காலம் அது. தைலம் வாங்குவோரும் அவர்கள். கதை படிப்போரும் அவர்கள். போட்டியை எவர்க்காக வைக்கிறோம் என்பதை எச். போஸ் தெளிவாக அறிந்திருந்தார்.

முதல் ஆண்டில் முதற் பரிசு பெற்ற கதையை எழுதியவர் தம் பெயரை வெளியிடவில்லை. அவர் வேறு யாருமல்லர். கம்பியில்லா மின்னலைகளைக் குறித்த ஆராய்ச்சியால் அப்பொழுதே பெயர் பெற்றிருந்த விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். கதையோ நம்மைப் போன்ற தீவு மக்கள் விரும்பிக் கேட்கத் தக்கது. வங்கக் கடலில் பெரும்புயல் ஒன்று கிளம்பிக் கல்கத்தாவைத் தாக்கப்போகிறது என்று வானிலை அறிக்கை வருகிறது. நகரமே அஞ்சி நடுங்குகிறது. குறித்த நாளில் புயல் வரவில்லை. இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது. அறிஞர்கள் பலவாறு காரணம் கற்பிக்கிறார்கள். உண்மைக் காரணம் கதை சொல்பவர்க்கு மட்டுமே தெரியும். காய்ச்சலால் தலைமுடி உதிர்ந்து, மருத்துவர் சொற்படி இலங்கைக்குக் கப்பலேறிய அவருடைய பெட்டியில் மகள் ஒரு புட்டி கூந்தல் தைலம் வைத்திருந்தாள். நடுக்கடலில் புயல் சூழ்ந்தபோது, எண்ணெய் அலையை அடக்கும் என்று படித்தது நினைவுக்கு வர, புட்டியைக் கடலில் வீசுகிறார்; கடல் அமைதியுறுகிறது. எண்ணெய்ப் படலம் நீரின் சிற்றலையைத் தணிக்கும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்க்ளின் ஒரு குளத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார். அந்த அறிவியல் துளியைப் பெருங்கதையாக ஊதிய நகைச்சுவை இது. நவம்பர் மாதப் புயலை நேரில் அறிந்த நம்மவர், ஒரு புட்டித் தைலம் போதுமென்றால் எவ்வளவு நலம் என்று பெருமூச்சு விடலாம். ஜகதீசர் இக்கதையைத் திருத்தி, 1921-இல் வெளியான தம் கட்டுரைத் தொகுதியில் மீண்டும் சேர்த்தார். இந்திய மொழிகளின் விஞ்ஞானக் கதை வரலாறு எழுதுவோர், இந்தத் தைல விளம்பரத்தைத் தொடாமல் எழுத முடிவதில்லை.

1903-இல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ‘மந்திர்’ என்னும் கதைக்குப் பரிசு கிடைத்தது. சுரேந்திரநாத் கங்கோபாத்யாயர் என்ற பெயரில் வந்த கதை. உண்மையில் எழுதியவர் அவருடைய மருமகன் முறையினரான சரத்சந்திர சட்டோபாத்யாயர். மாமன் பெயரில் கதையை அனுப்பிவிட்டு, பிழைப்புத் தேடி ரங்கூனுக்குக் கப்பலேறிவிட்டார். ‘தேவதாஸ்’ எழுதி இந்தியா முழுதும் அழவைத்த அந்தச் சரத்சந்திரரின் எழுத்துகளுள் முதன்முதலில் அச்சேறியவற்றுள் ஒன்று, கூந்தல் தைலக்காரர் வைத்த போட்டிக் கதை. எச். போஸ் எவரிடமும் நுழைவுக் காசு வாங்கவில்லை. பரிசு முழுவதும் அவர் பெட்டியிலிருந்து வந்தது. அவருக்குக் கிடைத்ததோ பல ஆண்டு நின்று பேசிய விளம்பரம்.

இனித் தமிழ்நாடு. திருத்துறைப்பூண்டியிலிருந்து தாயோடு சென்னைக்கு வந்து, படிப்பை முடிக்க இயலாமல், பத்திரிகைகளுக்கு விளம்பரம் சேர்ப்பதும் தபால் வழியாகப் பொருள் விற்பதுமாகப் பிழைத்த இளைஞர் எஸ். எஸ். வாசன். பூதூர் வைத்தியநாதையர் 1926-இல் தொடங்கிய ‘ஆனந்த விகடன்’ என்னும் மாத இதழ் நடக்க முடியாமல் தள்ளாடியபோது, 1928-இல் வாசன் அதை விலைக்கு வாங்கினார். தலைப்பின் எட்டு எழுத்துக்கு, எழுத்துக்கு 25 ரூபாய் வீதம், 200 ரூபாய் கொடுத்தார் என்பது பரம்பரையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்த 200 ரூபாய்ச் சொத்தை நாடறிந்த இதழாக்க அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று, 1930-களில் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டி.

குறுக்கெழுத்து என்னும் விளையாட்டு நியூயார்க்கில் ஒரு நாளிதழின் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21 இதழில் பிறந்தது. அங்கு அது மூளைக்கு வேலை தரும் பொழுதுபோக்கு மட்டுமே. பரிசும் நுழைவுக் கட்டணமும் சேர்ந்தபோதுதான் அதன் இயல்பு மாறியது. எவ்வாறு என்பதை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். ‘இல்லறத்தானுக்கு இன்றியமையாதது’ என்று ஒரு குறிப்பு. கட்டத்தில் முதலெழுத்து மட்டும் இல்லை, பின்னே ‘ணம்’ என்று இருக்கிறது. பணமா, குணமா, மணமா? மூன்றும் பொருந்தும், முத்திரையிட்ட விடையில் இருப்பதோ ஒன்றே. இப்படி இரண்டிரண்டு விடை பொருந்தும் குறிப்புகள் 10 இருந்தால், எழுதக்கூடிய விடைத்தாள்கள் 1,024. ஒரு தாளுக்கு 4 அணா கட்டணம் என்றால், எல்லா வகையையும் எழுதி அனுப்ப 256 ரூபாய் வேண்டும். குமாஸ்தாவின் சம்பளம் அவ்வளவு தாங்காது. ஆகவே 4 தாள், 8 தாள், 20 தாள் என்று வசதிக்கேற்ப அனுப்புவார்கள். எத்தனை அனுப்பினாலும் இன்னும் ஒன்று அனுப்பியிருந்தால் கிடைத்திருக்கும் என்றே தோன்றும். குறுக்கெழுத்தின் மயக்கம் முழுவதும் அந்த ‘இன்னும் ஒன்றில்’ அடங்கியிருந்தது.

இதழ்கள் ஒன்றையொன்று பார்த்துப் போட்டி வைத்தன. அகராதியும் கையுமாக மக்கள் அமர்ந்தனர். இலக்கிய நாட்டமுடையோர் இதைக் கசந்து பேசினர். பத்திரிகை விற்கவில்லை, கட்டந்தான் விற்கிறது என்றனர். (இம்மயக்கம் தமிழ்நாட்டில் பரவிய நாளில் நம் அந்தமான் இன்னும் தண்டனைத் தீவாகவே இருந்தது, இங்கிருந்தோர் எண்ணிய கட்டங்கள் வேறு.)

வாசனைப் பற்றி நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். கட்டத்துக்காக இதழை வாங்கியவர், கட்டத்தைக் கத்தரித்துவிட்டு எஞ்சியதைத் தூக்கியெறியவில்லை. உள்ளே கல்கியின் எழுத்து இருந்தது. தேவனின் நகைச்சுவை இருந்தது. மாலியின் கேலிச்சித்திரம் இருந்தது. 1937-இல் ‘கள்வனின் காதலி’யும், அடுத்து ‘தியாக பூமி’யும் தொடர்களாக வந்தபோது, வாரந்தோறும் தபால்காரரை எதிர்பார்த்து நின்றவர் எல்லாரும் பரிசுக்காக நின்றவரல்லர். போட்டி வாயிலுக்கு அழைத்து வந்தது. கூடத்தில் உட்கார வைத்தது எழுத்து. வாசன் பிற்பாடு ஜெமினி படக்கூடத்தை நிறுவி 1948-இல் ‘சந்திரலேகா’ எடுத்ததை அனைவரும் அறிவர். விளம்பரத்தின் வலிமையை அவரளவு அறிந்த தமிழர் அக்காலத்தில் அரியர். எனினும் வாசலில் வைத்த பொறி எச். போஸின் பொறியன்று என்பதை மறைப்பதற்கில்லை. கட்டணம் வாங்கி நடக்கும் போட்டியில், தோற்றவர் காசும் சேர்ந்தே வென்றவர் கைக்குப் போகிறது.

விடுதலைக்குப் பின் இக்குறுக்கெழுத்து வாணிகம் மாநில எல்லைகளைக் கடந்து பெருந்தொழிலாயிற்று. ஆர். எம். டி. சமர்பாக்வாலா என்பவர் பெங்களூரில் ‘ஸ்போர்ட்டிங் ஸ்டார்’ என்னும் இதழை அச்சிட்டுப் பம்பாய் மாகாணம் முழுவதும் விடைத்தாள் திரட்டினார். பம்பாய் அரசு 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி அதன்மேல் வரி விதித்தது, அவர் வழக்காடினார். நடுவண் அரசு 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டம் இயற்றியது. ஒரு மாதத்தில் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. ஒரு போட்டிக்கு வரும் விடைத்தாள் 2,000-க்கு மேற்படக் கூடாது. உரிமமும் வேண்டும் என்றது. குறுக்கெழுத்து, விடுபட்ட சொல், படப்போட்டி ஆகியவற்றை அச்சட்டம் பெயர் சொல்லியே குறித்தது. இந்தச் சட்டத்தையும் எதிர்த்து வழக்கு எழுந்தது. இரண்டுக்கும் 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் 9-இல் உச்ச நீதிமன்றம் விடை கூறியது.

முதல் வழக்கின் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி சுதி ரஞ்சன் தாஸ். சூது என்பது எவ்வளவு வாணிகக் கோலம் பூண்டாலும், அரசியலமைப்பு உறுதியளிக்கும் தொழிலுரிமை அதற்கு இல்லை என்றார். இரண்டாவதை எழுதியவர் நம் தமிழகத்தவரான நீதிபதி டி. எல். வெங்கடராமய்யர். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் பெரும்புலமை வாய்ந்து, 1944-இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் ‘சங்கீத கலாநிதி’ பட்டம் பெற்றவர் இவரே. திறமையைச் சார்ந்த போட்டி வேறு, அதிர்ஷ்டத்தைச் சார்ந்த போட்டி வேறு. இச்சட்டத்தின் கட்டுப்பாடு பின்னதற்கே. முன்னது குடிமகனின் தொழிலுரிமைக்குள் அடங்கும் என்று இழையும் பிசகாமல் பிரித்துக் காட்டினார். மாதம் 1,000 ரூபாய் வரம்பிட்டபின் பெருங்குறுக்கெழுத்து வாணிகத்தில் என்ன ஆதாயம் மிஞ்சும்?

பிரித்துக் காட்டிய பின்னும் சூது வேறொரு வாசல் வழியே வந்தது. கடன்பட்ட குடும்பங்களை அதிகம் துன்புறுத்தியது இவ்வாசலே ஆதலால் சற்று நிற்போம். 1970-களில் ‘பரிசுச் சீட்டு’ என்னும் பெயரில் நிறுவனங்கள் பெருகின. ஏலச் சீட்டோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்குத் தனியே 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்டுச் சட்டம் இருக்கிறது. பரிசுச் சீட்டு நடக்கும் வகையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். 200 பேர் சேர்கிறார்கள், மாதம் 10 ரூபாய், 20 மாதம். மாதந்தோறும் குலுக்கலில் ஒருவர் பெயர் விழும். அவர்க்கு 200 ரூபாய் தந்து, மேற்கொண்டு கட்ட வேண்டாம் என்று விடுவித்துவிடுவார்கள். முதல் மாதம் பெயர் விழுந்தவர் 10 ரூபாய் கட்டி 200 பெறுகிறார். தெருவெல்லாம் அதே பேச்சு. ஆனால் அம்மாதம் திரண்டது 2,000, போனது 200, நடத்துபவர் கையில் நின்றது 1,800. பெயர் விழாத 180 பேர்க்கு இறுதியில் கட்டிய 200 ரூபாய் மட்டும் வட்டியின்றித் திரும்பும்; அதுவும் நடத்துபவர் ஊரில் இருந்தால். இடையில் நின்றுவிட்டவர் பாடு இன்னும் மோசம். ரிசர்வ் வங்கி அமைத்த ஜேம்ஸ் ராஜ் ஆய்வுக்குழு இத்திட்டங்களால் மக்களுக்கு நன்மையில்லை என்று 1975-இல் கூற, 1978-இல் இவற்றை அடியோடு தடுக்கும் சட்டம் வந்தது. அச்சட்டத்தை எதிர்த்த வழக்கில், நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் 1980-இல் அதை நிலைநிறுத்தினார். பாத்திரம், தங்கம், வீட்டுப் பொருள் என்று பெயர் மாற்றி இன்றும் எவரேனும் இத்தகைய குலுக்கல் சீட்டோடு வாயிலில் வந்து நின்றால், முதல் மாதம் வென்றவர் பெயரைக் கேட்டு மயங்காமல், மேற்சொன்ன 1,800-ஐ நினைவுகூர்வது நன்று.

கடை முகப்பில் இருக்கும் அந்தப் பெட்டியின் நிலை என்ன? 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294-அ என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. அரசு நடத்துவதும் அரசு அனுமதித்ததும் அல்லாத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்துவது குற்றம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதையில் அதே பொருள் 297-ஆம் பிரிவாக நிற்கிறது. நடத்துவோர்க்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. அறிவிப்பு வெளியிடுவோர்க்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், விற்பனையைப் பெருக்கும் நோக்கோடு நடத்தும் போட்டியையும் குலுக்கலையும், விதிகள் விலக்களித்தவை நீங்கலாக, நேர்மையற்ற வாணிக முறை என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறது. பரிசுத் திட்டம் முடிந்தபின் முடிவைப் பங்கேற்றோர்க்குத் தெரிவிக்காமல் மறைப்பதும் அதன்படி தவறு. தேயிலைப் பொட்டல வழக்கை முன்னரே கண்டோம். ஆகவே பொருள் வாங்கினால்தான் சீட்டு, சீட்டில் அதிர்ஷ்டந்தான் முடிவு என்னும் பெட்டியை வைக்குமுன், ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது கடைக்காரர்க்கு நலம். கோலம், கட்டுரை, சமையல், ஓவியம் என்று கைத்திறனைச் சார்ந்த போட்டியைக் கட்டணமின்றி வைத்துப் பரிசை அவரே கொடுத்தால் எச். போஸின் வழியில் நிற்பார். செலவும் அதில் முன்னரே தெரிந்த செலவு. கூடுதலாக ஒருவர் சீட்டுப் போட்டதால் ஏறுவதில்லை.

பரிசு நின்ற பிறகு வாடிக்கை நிற்குமா என்றொரு கவலை உண்டு. இதற்கு இலங்கை வானொலி ஒரு விடை தந்தது. 1952 டிசம்பரில் பினாகா பற்பசை நிறுவனத்தார் பொருட்செலவில் அமீன் சயானி ‘பினாகா கீத்மாலா’வைத் தொடங்கினார். ஏழு திரைப்பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை மக்கள் விருப்ப வரிசைப்படி அடுக்கி எழுதுவோர்க்கு 100 ரூபாய் பரிசு என்றார். முதல் நிகழ்ச்சிக்கு 9,000 கடிதங்கள். ஓராண்டுக்குள் வாரம் 65,000. கடிதக் குவியலைத் தாங்க முடியாமல் போட்டியையே நிறுத்திவிட்டு, பாடல்களைத் தரவரிசையில் ஒலிபரப்பினார்கள். கேட்போர் குறையவில்லை, நிகழ்ச்சி இன்னும் பல பத்தாண்டுகள் நடந்தது. 100 ரூபாய்க்காக வந்தவர்களைப் பாட்டும் அந்தக் குரலும் பிடித்துக்கொண்டன.

தமிழ் இதழ்களும் மெல்ல எச். போஸின் வழிக்குத் திரும்பின. ‘கலைமகள்’ அளித்த நாராயணசாமி ஐயர் நாவல் பரிசு 1946-இல் அகிலனின் ‘பெண்’ணுக்குக் கிடைத்தது. குறுக்கெழுத்தால் ஏச்சு வாங்கிய அதே ஆனந்த விகடன் வைத்த நாவல் போட்டியில் 1958-இல் ராஜம் கிருஷ்ணனின் ‘மலர்கள்’ பரிசு பெற்றது. விகடனை விட்டு வெளியேறி 1941-இல் கல்கி தம் பெயராலேயே தொடங்கிய இதழ், 1966-இல் வெள்ளிவிழாவுக்காக ஒரு நாவல் போட்டி வைத்தது. முதற் பரிசு உமாசந்திரனின் ‘முள்ளும் மலரு’க்கு. 1978-இல் மகேந்திரன் அதைப் படமாக்கினார். கொட்டகையில் கண்ணீர் விட்டோரில் மிகப் பலர்க்கு, அது ஒரு வார இதழ் தன் வாடிக்கையாளரை மகிழ்விக்க வைத்த போட்டியில் பிறந்த கதை என்பது தெரிந்திராது.